டின்னை மாற்றுவதா, கலக்கும் கையை மாற்றுவதா?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. அது முடியாமல் போய், குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் பவுடர் பால் டின் வந்துவிட்ட பிறகு எழும் கேள்வி பற்றித்தான் இந்த அலசல். குழந்தை கக்குகிறது, முறுக்கிக்கொண்டு அழுகிறது, மலம் பச்சையாகப் போகிறது. ‘இந்தப் பவுடர் ஒத்துக்கலை, வேற மாத்திப் பாருங்க’ என்று பாட்டி சொல்கிறார், பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், மெடிக்கல் கடைக்காரரும் சொல்கிறார். எங்கள் மகளுக்கு இரண்டாவது மாதத்தில் இப்படித்தான் ஆனது. நாங்கள் டின்னை மாற்றவில்லை. அந்த முடிவின் பக்கம்தான் இன்றும் இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பசும்பால் யோசனையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஒரு வயது வரை அது முக்கிய உணவாகக் கூடாது. இரும்புச்சத்து மிகக் குறைவு. புரதமும் உப்பும் சின்னக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அதிகம். தண்ணீர் கலந்தாலும் சரியாகாது.

அடுத்தது, ஒரு கம்பெனி டின்னிலிருந்து இன்னொரு கம்பெனி டின்னுக்குத் தாவுவது. லாக்டோஜன், நான் ப்ரோ, டெக்சோலாக், சிமிலாக் என்று பெயர்கள் வேறாக இருந்தாலும், பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை கொடுக்கும் சாதாரண ஸ்டேஜ் 1 பவுடர் எல்லாமே பசும்பாலை அடிப்படையாகக் கொண்டவை. தயாரான பாலில் 100 மில்லிக்கு 60 முதல் 70 கலோரி இருக்க வேண்டும் என்பது உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே அரசு விதிமுறைதான். விலை வித்தியாசம், மேலே சேர்க்கும் டிஎச்ஏ (ஒரு வகைக் கொழுப்பு), புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) போன்றவற்றால் வருவது. எனவே வாயுத் தொல்லைக்காக ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவதில் பெரிய தர்க்கம் இல்லை. மாற்றினால் கெடுதலும் இல்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரிலுள்ள பெரிய தொழிற்சாலை மூடப்பட்டு நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்தபோது, சிறப்புப் பவுடர் தேவைப்படாத பெரும்பாலான குழந்தைகளுக்குக் கிடைக்கிற பிராண்டைக் கொடுக்கலாம் என்றுதான் அங்கிருந்த குழந்தை மருத்துவர்கள் சொன்னார்கள். கடையில் உங்கள் டின் தீர்ந்துபோனால் பதற வேண்டாம் என்ற அளவுக்கு இது நமக்கும் பொருந்தும்.

அப்படியென்றால் ‘மாத்தினோம், சரியாயிடுச்சு’ என்று இத்தனை பேர் சத்தியம் செய்வது எப்படி? காரணம் குழந்தையின் வயதில் இருக்கிறது. காரணமில்லாமல் வீறிட்டு அழுவது ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். கக்குவது நான்காம் மாதத்தை ஒட்டி உச்சம் தொட்டு, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். தொல்லை தாங்காத நேரத்தில்தான் யாரும் டின்னை மாற்றுவார்கள்; அதற்குப் பிறகு அது எப்படியும் குறையும். மழை விடும் நேரத்தில் குடை வாங்கியவர் குடைதான் மழையை நிறுத்தியது என்பதைப் போல. பச்சை மலத்துக்குக் காரணம் பெரும்பாலும் பவுடரில் சேர்க்கும் இரும்புச்சத்துதான், கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் இந்தப் பவுடர்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, டின்னில் குழந்தைப் படம் போடக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் விளம்பரத்தின் இடத்தைக் காதுவழிச் செய்தி பிடித்துக்கொண்டது.

சரி, டின்னை மாற்றாமல் நாங்கள் என்ன செய்தோம்? கலப்பதைப் பார்த்தோம். என் கணக்கில் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான்.

எங்கள் வீட்டில் பால் கலக்குவது மூன்று பேர்: மனைவி, அத்தை, நான். ஒரு மாலை மூவரும் கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மனைவி ஸ்கூப்பை, அதாவது டின்னோடு வரும் அளவுக் கரண்டியை, தலை தட்டி அள்ளினாள். அத்தை கும்பாச்சியாக அள்ளினார். ‘புள்ள பசி தாங்காது’ என்று டின் விளிம்பில் ஸ்கூப்பை ஒரு அழுத்து வேறு. நானும் தலை தட்டித்தான் போடுவேன், ஆனால் பாட்டிலைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி நுரையோடு அப்படியே கொடுத்துவிடுவேன். ஒரே டின், ஒரே நாள், குழந்தைக்கு வேளைக்கொரு பால். பால் கெட்டியானால் மலச்சிக்கல், தாகம், அந்தத் தாகத்துக்கு அழுகை, அழுகையைப் பசி என்று நினைத்து இன்னும் பால். நீர்த்துப்போனால் எடை ஏறாது. இரண்டுக்கும் பழி டின் மேல் விழும்.

எனவே முதலில் தண்ணீர், பிறகு பவுடர். 90 மில்லி தண்ணீருக்கு மூன்று ஸ்கூப் போட்டால் பாட்டிலில் பால் ஏறக்குறைய 100 கோட்டுக்கு ஏறும். பவுடரை முதலில் போட்டுவிட்டு 90 கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் 80 மில்லிதான் இருக்கும். தலை தட்டிய ஸ்கூப், அழுத்தக் கூடாது. அந்தந்த டின்னுக்குள் இருக்கும் ஸ்கூப்தான் அந்தந்த டின்னுக்கு. டின் மாற்றுபவர்கள் இதில்தான் கவனமாக இருக்க வேண்டும். இங்கே கிடைக்கும் டின்களில் பெரும்பாலும் ஒரு ஸ்கூப்புக்கு 30 மில்லி தண்ணீர். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் ஆசையாகக் கொண்டுவரும் டின்களில் வழக்கமாக ஒரு பெரிய ஸ்கூப்புக்கு இரண்டு அவுன்ஸ், அதாவது 60 மில்லி. பழைய பழக்கத்தில் 30 ஊற்றினால் பால் இரண்டு மடங்கு கெட்டி. இது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

தண்ணீர் எவ்வளவு சூடு என்பதிலும் குழப்பம் உண்டு. பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. அதனால் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, பிறகு பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சில டின்களில் வெதுவெதுப்பான நீர் என்று போட்டிருக்கும். எங்கள் மருத்துவர் முதலாவதைச் சொன்னார், அதையே செய்தோம். உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது; குழந்தை குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும். அத்தைக்குக் கொட்டுவதில்தான் மனத்தாங்கல், விலை அப்படி.

அளவும் ஒரு விஷயம். முதல் மாதங்களில் ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 150 மில்லி என்பது பொதுக்கணக்கு. ஐந்து கிலோ குழந்தைக்கு முக்கால் லிட்டர். முகத்தைத் திருப்பிய பிறகும் பாட்டிலைக் காலி பண்ணித்தான் ஆகணும் என்று ஊட்டினால் கக்காமல் என்ன செய்யும்? பாட்டிலை விட்டுச் சங்கில் அல்லது பாலாடையில் கொடுத்தால் நிப்பிள் ஓட்டை பெரிதா சிறிதா என்ற பிரச்சினையே இல்லை, கழுவுவதும் சுலபம். நுரை அடங்கவிட்டுக் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்ட வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு மகளுக்கு மலச்சிக்கல் விட்டது, கக்குவதும் குறைந்தது. மலச்சிக்கல் விட்டதற்குக் கலவைதான் காரணம் என்று நம்புகிறேன். கக்குவது குறைந்தது கலவையாலா, வயதாலா என்று அடித்துச் சொல்ல முடியாது. எங்களுக்குத் தைரியம் கொடுத்தது எடை. 6, 10, 14ஆவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது எடை போட்டு அட்டையில் குறித்துத் தருவார்கள். அந்தக் கோடு ஒழுங்காக ஏறியதால் டின்மீது சந்தேகம் போய்விட்டது.

இனி மாற்றித்தான் ஆகவேண்டிய இடம். மலத்தில் ரத்தம் அல்லது சளி, உடம்பெல்லாம் கரப்பான், குடித்த கொஞ்ச நேரத்தில் தடிப்பு அல்லது முக வீக்கம், எடை ஏறாமல் நிற்பது: இவை பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். இது எங்கள் வீட்டில் வந்ததில்லை, மருத்துவர்கள் சொல்வதை வைத்துத்தான் எழுதுகிறேன். இதற்குக் கம்பெனி மாற்றினால் பயனில்லை, அதுவும் பசும்பால்தான். ஆட்டுப்பால் பவுடரும் உதவாது, புரதம் அவ்வளவு ஒத்தது. புரதத்தை நன்றாக உடைத்த ஹைட்ரோலைஸ்டு பவுடர் வேண்டும். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அமினோ அமிலப் பவுடர், அதாவது புரதத்துக்குப் பதில் அதன் அடிப்படைத் துண்டுகள் மட்டும் உள்ளது. இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, பழையதை மருத்துவர் மேற்பார்வையில் திரும்பக் கொடுத்துத்தான் உறுதி செய்வார்கள். ஐசோமில் போன்ற சோயா பவுடரை ஆறு மாதத்துக்குள் முதல் தேர்வாக மருத்துவர்கள் வைப்பதில்லை.

லாக்டோஸ் இல்லாத பவுடர் வேறு கதை. லாக்டோஸ் என்பது பாலின் சர்க்கரை. ஒவ்வாமை வருவது புரதத்தால். இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குபவர்கள் அதிகம். தாய்ப்பாலில் பசும்பாலைவிட லாக்டோஸ் கூடுதல். பிறவியிலேயே அது செரிக்காத குழந்தை மிக மிக அபூர்வம். கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரம் செரிக்காமல் போவதுண்டு. அப்போது மருத்துவர் எழுதுவார், பிறகு அவரே நிறுத்தச் சொல்வார்.

செலவையும் பார்த்துவிடுங்கள். 100 மில்லி பாலுக்குச் சுமார் 13 கிராம் பவுடர். முக்கால் லிட்டர் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 100 கிராம். 400 கிராம் டின் நான்கு நாள்தான் வரும். மாதத்துக்கு ஏழெட்டு டின். சாதாரண பவுடரிலேயே கை கடிக்கும், ஹைட்ரோலைஸ்டு இதைவிடப் பல மடங்கு. தேவை என்றால் யோசிக்கக் கூடாது. தேவையா என்பதை மெடிக்கல் கவுண்டரில் முடிவு செய்யக் கூடாது.

வாந்தி பச்சையாக வந்தாலோ, பாய்ச்சி அடிப்பது போல ஒவ்வொரு வேளையும் எடுத்தாலோ, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் போனாலோ டின் பேச்சே வேண்டாம். உடனே மருத்துவமனை.

எங்களுக்கு அடுத்த கேள்வி ஆறாம் மாதத்தில் வரும். அப்போது ஸ்டேஜ் 2 டின்னுக்குப் போ என்று அட்டைப்பெட்டி சொல்லும். பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையோ முதல் நிலைப் பவுடரே ஒரு வயது வரை போதும் என்கிறது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் நாங்கள் பழைய டின்னிலேயே ஓட்டுவதாக இருக்கிறோம். கூடவே கஞ்சியும் பருப்புச் சோறும் தொடங்கிவிடும்.