பைக்குக்கு ஜிபிஎஸ்: போன் போதுமா, தனிக் கருவி வேண்டுமா?

பைக்கில் வழி பார்க்க போனையும் பயன்படுத்தியிருக்கிறேன், ஹேண்டில்பாரில் மாட்டும் தனி ஜிபிஎஸ் கருவிகளையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது நீண்ட பயணம் என்றால் வண்டியில் தனிக் கருவி இருக்கும், போன் ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் இருக்கும். ஊருக்குள் அலைவதற்கு இன்றைக்கும் போன்தான். இரண்டில் எதை வாங்கலாம் என்று பைக் ஓட்டும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கருவியின் விவரப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். நீங்கள் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர ஓட்டுகிறீர்களா, அல்லது ஒரு குறிப்பிட்ட சாலையில் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே கிளம்புகிறீர்களா? இடம்தான் முக்கியம் என்றால் போனை அடித்துக்கொள்ள ஆளில்லை. போக்குவரத்து நெரிசல், புதிதாகத் திறந்த மேம்பாலம், நேற்று மூடிய கடை எல்லாம் அதற்குத் தெரியும். பெயரைப் பாதி தட்டினாலே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். தனிக் கருவியில் ஒரு முகவரியைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். இந்த விஷயத்தில் எந்தக் கருவியும் போனை நெருங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சாலைதான் முக்கியம் என்றால் கதை வேறு. போனில் நாம் வழக்கமாகத் திறக்கும் மேப், எப்போதும் வேகமான வழியைத்தான் தேடும். மலையைச் சுற்றிப் போகும் வளைவுச் சாலையை நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும், ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் போதும், உடனே நெடுஞ்சாலைக்கு இழுத்துவிடும். பைக்குக்கென்றே உள்ள கருவிகளில் ஜிபிஎக்ஸ் ஃபைலை, அதாவது முன்பே போட்ட வழியைச் சேமித்து வைத்த ஃபைலை, ஏற்றிக்கொள்ளலாம். முந்தின இரவு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிதானமாகப் போட்ட வழியை மறுநாள் அப்படியே ஓட்டலாம். தனிக் கருவி வாங்குவதற்கு என்னைப் பொறுத்தவரை முதல் காரணம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, புதிதாக வாங்குபவர்கள் குழம்புவது பெரும்பாலும் இதில்தான். ஜிபிஎக்ஸ் ஃபைலுக்குள் ரூட் இருக்கலாம், டிராக் இருக்கலாம். டிராக் என்பது நெருக்கமான புள்ளிகளால் ஆன கோடு. கருவி அதை மாற்றாது, வரைந்தபடியே திரையில் காட்டும். ரூட் என்பது சில முக்கியப் புள்ளிகள் மட்டும். நடுவில் எந்தச் சாலையில் போவது என்பதைக் கருவி தன்னிடம் உள்ள மேப்பை வைத்துத் தானே கணக்குப் போடும். கம்ப்யூட்டரில் இருக்கும் மேப் வேறு, கருவியில் இருக்கும் மேப் வேறு என்றால், நீங்கள் போட்ட வழியும் அது காட்டும் வழியும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் முக்கியமான பயணங்களுக்கு இரண்டையும் ஏற்றிக்கொள்கிறேன். ரூட் திருப்பங்களைச் சொல்லும். டிராக் அடியில் வேறு நிறத்தில் ஓடும். இரண்டும் பிரிகிற இடத்தில் டிராக்கை நம்பிப் போவேன்.

புள்ளி வைப்பதிலும் கவனம் வேண்டும். சரியாக ஜங்ஷன் மேல் வைக்காதீர்கள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நீங்கள் போக விரும்பும் சாலையின் மேலேயே வையுங்கள். மேப்பை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து வைக்க வேண்டும். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் புள்ளி எதிர்ப்பக்கத்தில் விழுந்துவிட்டால், கருவி உங்களை வெகுதூரம் கொண்டுபோய் யூ டர்ன் அடிக்கச் சொல்லும். நிற்கப்போகும் இடங்களை மட்டும் வயா பாயின்டாக வைத்து, வழியை வளைப்பதற்கான மற்றப் புள்ளிகளை ஷேப்பிங் பாயின்டாக மாற்றிவிடுங்கள். வயா பாயின்டைத் தவறவிட்டால் அதைத் தொட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பப் பார்க்கும். ஷேப்பிங் பாயின்ட் எந்த அறிவிப்பும் இல்லாமல் கடந்துபோகும். இந்த வேறுபாட்டைக் கையாளத் தெரியாத கருவியை, திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

சரி, போனின் உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டி, சார்ஜும் போட்டு, முழு வெளிச்சத்தில் மேப்பை ஓடவிட்டால் அது எவ்வளவு சூடாகும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சூடு ஏறினால் போன் முதலில் செய்வது திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதுதான். உச்சி வெயிலில், திரை நன்றாகத் தெரிய வேண்டிய அதே நேரத்தில், அது மங்கிவிடும். இன்றைய போன்களின் திரைகள் வெளிச்சத்தில் தனிக் கருவிகளைத் தாண்டிவிட்டன என்பது உண்மை. சூட்டில் அந்த வெளிச்சத்தை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் பைக்கில் கேள்வி.

அடுத்தது அதிர்வு. சக்திவாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு, ஹேண்டில்பார் வழியாக ஏறி ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே வெளிப்படையாக எச்சரித்தது. கை நடுங்கினாலும் படம் தெளிவாக வருவதற்காக லென்ஸை மிக நுட்பமாக அசைக்கும் ஏற்பாடு கேமராவுக்குள் இருக்கிறது. தொடர்ந்த அதிர்வு அதன் வேலையைக் கெடுத்துவிடலாம். போனைத்தான் மாட்டப்போகிறீர்கள் என்றால் அதிர்வைத் தாங்கும் டேம்பர் உள்ள மவுண்ட் மட்டும் வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மழை இன்னொரு தொல்லை. போனுக்குள் தண்ணீர் போவதைவிட, திரையின் மேல் விழும் துளிகள்தான் அதிகம் படுத்தும். துளிகளை விரல் என்று நினைத்து போன் தானாகவே மேப்பை நகர்த்தும், பெரிதாக்கும், சில சமயம் வழிகாட்டுவதையே நிறுத்திவிடும். ஈரக் கையுறையோடு நீங்கள் தொட்டால் மட்டும் அசையாது. பைக்குக்கான நல்ல கருவியில் பட்டன்கள் பெரிதாக இருக்கும், தடித்த தோல் கையுறையோடு தட்டினாலும் ஏற்கும். வாங்குவதற்கு முன் இதைத்தான் சோதிக்கச் சொல்வேன். நீங்கள் வழக்கமாகப் போடும் கையுறையைக் கையோடு எடுத்துப் போங்கள், குளிருக்கான தடித்த ஜோடி இருந்தால் அதையும். கட்டைவிரலாலோ ஆள்காட்டி விரலாலோ மேப்பைப் பெரிதாக்கவும், வழியை ரத்து செய்யவும், அடுத்த புள்ளியைத் தாண்டிப்போகச் சொல்லவும் முடிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் வந்தால் மற்றவை பழகிவிடும்.

கூடவே உங்கள் கூலிங் கிளாஸையும் போட்டுப் பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி வழியாகச் சில திரைகள் படுக்கையாக இருக்கும்போது தெரியும், செங்குத்தாக வைத்தால் கறுத்துவிடும். சிலவற்றில் இதற்கு நேர்மாறு. கடைக்குள் வெறும் கண்ணால் பார்த்தால் இது பிடிபடாது. திரையைப் பொறுத்தவரை அளவைவிட அது காட்டும் விதம் முக்கியம். ஓடும் வண்டியில் ஒரு கணம் பார்க்கிறோம், அந்தக் கணத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்ற இரண்டும் மனதில் பதிய வேண்டும். உணவகம், பெட்ரோல் பங்க், வேக வரம்பு, வானிலை என்று எல்லாவற்றையும் ஓரங்களில் அடுக்கி வைக்கும் கருவிகளில் அவற்றையெல்லாம் அணைக்க வழியிருக்கிறதா என்று தேடுங்கள். நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

தண்ணீர்ப் பாதுகாப்பில் பெரும்பாலும் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருப்பார்கள். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்குமா என்பது தனிச் சோதனை, ஐபிஎக்ஸ்7 அதற்கு உத்தரவாதம் தராது. எனவே வண்டியை பிரஷர் வாஷ் செய்யும்போது கருவியைக் கழற்றிவிடுங்கள், மவுண்ட்டின் மேலும் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள்.

மவுண்ட் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. என் அனுபவத்தில் கருவி கெட்டுப்போவது அபூர்வம். அதைத் தாங்கும் தொட்டிலும் மின் இணைப்பும்தான் முதலில் மக்கர் செய்யும். கருவியின் முதுகில் தொடும் சின்னச் சின்னப் பின்கள் அந்தத் தொட்டிலில் ஸ்பிரிங்கோடு இருக்கும். சில மழைக்காலங்கள் போனதும் அவற்றின் தலையில் பச்சையாகப் பாசி போல ஒன்று படியும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் சார்ஜ் விட்டு விட்டு ஏறும், கருவி அணைந்துவிடவா என்று கேட்கும். நான் வைத்திருந்த ஒரு கருவியில் இது வந்தபோது, தொட்டிலை மட்டும் தனியாக விற்பதில்லை என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. கான்டாக்ட் கிளீனரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, மின்கடத்தாக் கிரீஸைத் தொட்டுத் தடவினேன். அதன்பின் தொல்லை இல்லை. இப்போது மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இதைச் செய்துவிடுகிறேன்.

கரன்ட்டை எங்கிருந்து எடுப்பது? பேட்டரியிலிருந்து நேராக இழுத்தால் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். சாவி போட்டால் மட்டும் ஓடும் இணைப்பிலிருந்து, முடிந்தால் ஒரு ரிலே (சாவி போட்டதும் தானாக இணைப்புக் கொடுக்கும் சுவிட்ச்) வைத்து, தனி ஃபியூஸோடு எடுங்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 10 வாட்தான் செலவு, 12 வோல்ட் பக்கம் 1 ஆம்பியருக்கும் குறைவு. எனவே பெரிய ஃபியூஸ் தேவையில்லை. ஒயரை இழுத்த பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகி இழுத்தால் எப்போதாவது அறுந்தே தீரும். மவுண்ட் வாங்கும்போது ஆம்ப்ஸ் எனப்படும் நான்கு துளை அமைப்பு, 1 அங்குலப் பந்து ஆகிய பொதுவான அளவுகளில் வாங்குங்கள். கருவியை மாற்றினாலும் மவுண்ட்டின் கை அப்படியே உதவும். உயரத்தில், மீட்டருக்கு மேலே வைக்க முடிந்தால் நல்லது. டேங்க் பக்கம் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு முறையும் தலை குனிய வேண்டியிருக்கும்.

குரல் வழிகாட்டல் பைக்கில் பெரிய வரம். ஹெல்மெட் ஹெட்செட்டில் காதில் சொல்லிவிட்டால் திரையைப் பார்க்க வேண்டிய தேவையே பாதியாகக் குறையும். இணைப்பதில்தான் சிக்கல். போன், கருவி, இன்டர்காம் மூன்றும் ஒரே ஹெட்செட்டுக்கு அடித்துக்கொள்ளும். எந்த வரிசையில் இணைத்தால் பாட்டும் வழியும் சேர்ந்து வருகிறது என்பதை வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

செயற்கைக்கோள் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கின் சிக்னல் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் பாறைகளில் பட்டுத் திரும்பும் சிக்னலால் அம்புக்குறி பக்கத்துச் சாலைக்குத் தாவும். கலிலியோ, குளோனாஸ் போன்ற மற்ற நாட்டு அமைப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் கருவி இங்கே உதவும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் கேட்டால் இன்னும் நல்லது. அப்புறம் ஒன்று: நின்ற இடத்தில் மேப் கன்னாபின்னாவென்று சுழன்றால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நகர்ந்தால்தான் ஜிபிஎஸ்ஸுக்குத் திசை தெரியும். பத்தடி உருட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்.

பழைய கருவியை வாங்கினால் தேதி சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-இல் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சிலவற்றில் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும்.

எதை வாங்குவது? திட்டமிட்ட வழியில் நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கு கார்மின் ஜூமோ வரிசை பொருந்தும். 2020-இல் வந்த ஜூமோ எக்ஸ்டிக்கு 5.5 அங்குலத் திரை, அடுத்து வந்த எக்ஸ்டி2-வுக்கு 6 அங்குலம். மீட்டர் பக்கம் இடம் குறைவாக உள்ள சின்ன வண்டிக்கு 4.3 அங்குல டாம்டாம் ரைடர் 550 உறுத்தாமல் உட்காரும். போனின் மேப்பை விட மனசில்லை, ஆனால் போனை வெயிலிலும் மழையிலும் காட்டவும் மனசில்லை என்பவர்களுக்கு, போனின் மேப்பை வேறொரு திரையில் காட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வசதியுள்ள தண்ணீர் புகாத பைக் திரைகள் வந்துவிட்டன. போன் பாக்கெட்டில் பத்திரமாக இருக்கும். இணையம் கிடைக்காத இடத்துக்காக மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தினமும் வேலைக்குப் போய்வர மட்டும் வண்டி எடுப்பவர்கள் தனிக் கருவி வாங்கவே வேண்டாம், நல்ல மவுண்ட்டும் ஹெட்செட்டும் போதும்.

தயாரிப்பாளர்களிடம் இரண்டு கோரிக்கைகள் மட்டும். இந்தக் கருவிக்கு எத்தனை வருடம் மேப் புதுப்பிப்போம் என்பதைப் பெட்டியின் மேலேயே தெளிவாக அச்சிடுங்கள். மவுண்ட் தொட்டிலையும் அதன் பின்களையும், புது மாடல் வந்த பிறகும், தனி உதிரிபாகமாக விற்பனையில் வைத்திருங்கள்.