வகுப்பு எடுப்பதா, ஒரே லைனில் உட்கார வைப்பதா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அடிக்கடி காதில் விழுவது: "வடக்கத்திக்காரன்னா பான் போட்டுத் துப்புவான்." அந்தப் பக்கம்: "தமிழனுக்கு இந்தின்னாலே ஆகாது." இதைக் கரைக்க நிர்வாகம் யோசிக்கும் வழிகள் இரண்டு: இந்த எண்ணம் தப்பு என்று வகுப்பு எடுப்பது, அல்லது இரு தரப்பையும் ஒரே தையல் வரிசையில் வேலை செய்ய வைக்கும் கலப்பு லைன்.

செலவு
வகுப்பு: பேச்சாளர், டீ, வடை, அரை நாள் உற்பத்தி.
கலப்பு லைன்: கைக்காசு குறைவு; ஆரம்பத்தில் பீஸ் குறையும், சூப்பர்வைசர் தலை உருளும்.

சுலபம்
வகுப்புதான். போட்டோவும் கிடைக்கும்.

நீடிப்பு
வகுப்பு: 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மறைமுக இன மனச்சாய்வை (தனக்கே தெரியாமல் ஓர் இனத்தின் பக்கம் மனம் சாய்வதை) குறைக்கும் 9 குறும்பயிற்சிகளைச் சோதித்தது. சில மணி நேரத்திலோ சில நாளிலோ பலன் மறைந்துவிட்டது.
கலப்பு லைன்: நீடிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் சும்மா கலந்தால் போதாது. உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்களை வைத்து நடத்திய கிரிக்கெட் ஆய்வில், ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மோதியவர்களிடம் அது நடக்கவில்லை. சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டுழைப்பு, மேலிட ஆதரவு வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதிவிட்டார். உள்ளூர்க்காரர் எல்லாம் டெய்லர், வடக்கத்தியர் எல்லாம் ஹெல்பர் என்றால் பழைய எண்ணம் இறுகத்தான் செய்யும். லைனுக்கு ஒருவரை மட்டும் போட்டாலும் சிக்கல்: "இவன் மட்டும் நல்லவன்" என்று விதிவிலக்காக்கிவிடுவார்கள்.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவினவே, அந்த மாதிரி அவசரத்துக்கு இரு மொழியிலும் கூட்டம் போடுங்கள். மற்றபடி, இரு தரப்பிலும் டெய்லர்கள் இருக்கும் லைன், மொத்த பீஸுக்கு ஒரே இன்சென்டிவ்.