வெண்புள்ளியை மறைக்கும் கேமஃபிளாஜ் கிரீம்: பாதி வேலை பவுடருடையது

வெண்புள்ளி உள்ள பலர் முதலில் வாங்கிப் பார்ப்பது சாதாரண ஃபவுண்டேஷன். வியர்த்ததும் அது வழிந்துவிடும். நமக்கு எதுவும் ஒத்துவராது என்று மனம் விட்டுப்போகும். கேமஃபிளாஜ் கிரீம் வேறு ரகம். நிறமி கூடுதல், எண்ணெயும் மெழுகும் சேர்ந்த கெட்டிப் பதம், தண்ணீர் பட்டாலும் எளிதில் கரையாது. முகத்துக்கும் கழுத்துக்கும் தயங்காமல் வாங்கலாம். கைவிரல்களுக்கு வேண்டாம்.

முதல் தப்பு ஷேட் பார்ப்பதில் நடக்கிறது. கடை விளக்கில் பொருந்திய நிறம் வெளியே வந்ததும் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பகல் வெளிச்சத்தில், புள்ளியை ஒட்டிய தோலில் வைத்துப் பாருங்கள், மணிக்கட்டில் அல்ல. ஒரே ஷேட் அப்படியே அமைவது அரிது, பெரும்பாலும் இரண்டைக் கலக்க வேண்டிவரும். வெயிலில் சுற்றுத்தோல் கறுத்தால் கலவையும் மாறும். அதனால் ஒரு பெரிய டப்பாவைவிட இரண்டு சிறிய டப்பாக்கள் மேல்.

சன்ஸ்கிரீன் பூசி கால் மணி நேரம் காயவிட்ட பிறகே இதைத் தொட வேண்டும். ஈரத்தின்மேல் போட்டால் திட்டுத்திட்டாக நழுவும். கட்டைவிரல் நகமளவு புள்ளிக்கு ஓர் அரிசியளவு போதும். புறங்கையில் வைத்து விரலால் குழைத்தால் சூட்டில் இளகும். பிறகு ஒற்றி ஒற்றி வைத்து, ஓரத்தைத் தாண்டி அரை சென்டிமீட்டர் வரை மெலிதாகக் கரைத்துவிடுங்கள். தேய்த்தால் நடுவில் இருப்பது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். மறையவில்லையென்றால் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள், தடித்த ஒரே பூச்சு வெடிக்கும்.

கிரீமை நகராமல் நிறுத்தும் ஃபிக்சிங் பவுடரைத் தனியாக விற்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கிரீம் சட்டைக் காலரில் ஒட்டுவதற்கு அப்படி விடுவதுதான் காரணம். தாராளமாகப் போட்டு அழுத்தி, 5 முதல் 10 நிமிடம் விட்டு, மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றினால் மாவு பூசிய தோற்றம் போய்விடும். பகலில் வியர்த்தாலும் ஒற்றித்தான் எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது.

கலைப்பதில் காட்டும் அவசரம்தான் மிகவும் கவலை தருகிறது. சோப்பும் நாரும் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. வெண்புள்ளியில் காயமும் உராய்வும் பட்ட இடத்திலேயே புதுப் புள்ளி கிளம்பலாம். மருத்துவத்தில் இதைக் கோப்னர் விளைவு என்பார்கள். எண்ணெயோ கிளென்சிங் பாமோ தடவி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மெதுவாக வழித்தெடுங்கள்.

விரல்களை நாள் முழுக்கக் கழுவுகிறோம், எந்த கிரீமும் அங்கே நிற்காது. அதற்கு டைஹைட்ராக்சிஅசிட்டோன் உள்ள செல்ஃப் டேனர் நல்லது. அது தோலின் மேலடுக்கிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் பழுப்பேறும். சில நாள் நிற்கும், துணியிலும் ஒட்டாது. புள்ளிக்குள் மட்டும் பட வேண்டும். சுற்றுத்தோலில் பட்டால் அதுவும் கறுத்து வித்தியாசம் அப்படியே இருக்கும். காட்டன் பட்ஸால் வைப்பது வசதி. இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது, சன்ஸ்கிரீன் தனியாக வேண்டும்.

எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பாருங்கள். ஒளி சிகிச்சை எடுப்பவர்கள் அன்று கிரீமை முழுவதும் கலைத்துவிட்டே போக வேண்டும். பூச்சு இருந்தால் கதிர் தோலுக்குள் இறங்காது.