சைக்ளோபாஸ்பமைடா, ரிடுக்சிமாப்பா? ஆன்கா ரத்தநாள அழற்சிக்கு எது?

ரத்தநாள அழற்சி என்பது ஒற்றை நோயல்ல. பெருநாடியைத் தாக்கும் தகாயாசு, குழந்தைகளின் இதய நாளங்களில் வரும் கவாசாகி என்று அது ஒரு பெரிய குடும்பம். வகைக்கு வகை வைத்தியம் வேறு. இங்கே எடுத்துக்கொள்வது நுண்ணிய நாளங்களைப் பிடிக்கும் ஆன்கா வகையை மட்டும் (ஆன்கா என்பது நம் வெள்ளையணுக்களையே குறிவைக்கும் ஆன்டிபாடி). சிறுநீரகத்தைச் சில வாரங்களிலேயே செயலிழக்க வைக்கக்கூடியது இதுதான். எந்த மருந்தில் தொடங்குவது என்ற சர்ச்சை அதிகம் நடப்பதும் இதில்தான்.

மருந்துக்கு முன்னால் நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமே. நுரையீரலில் குழி, இருமினால் ரத்தம், காய்ச்சல், உடல் மெலிவு என்று ஒருவர் வந்தால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அதில் தப்பில்லை. ஆனால் சளியில் கிருமியே தென்படாமல் காசநோய் மாத்திரை மாதக்கணக்கில் ஓடுகிறது, ஆளும் தேறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். அப்போது சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: சிவப்பணுவும் புரதமும் சேர்ந்து போகிறதா, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுகிறதா? அப்புறம்தான் ஆன்கா ரத்தப் பரிசோதனை. அது பாசிட்டிவ் என்பதாலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. இதய வால்வில் தொற்று இருந்தாலும் பாசிட்டிவ் வரலாம். முடிந்தவரை சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸி பார்ப்பதே நல்லது.

சரி, மருந்துக்கு வருவோம். நோய் எதிர்ப்பு செல்களின் பெருக்கத்தை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடை இப்போது பலர் பழைய விஷம் போலப் பேசுகிறார்கள். அது வருவதற்கு முன் இருந்த நிலைமை தெரிந்தால் அப்படிப் பேசமாட்டார்கள். அப்போது வெக்னர் நோய் என்று அழைக்கப்பட்ட வகையில், சிகிச்சை இல்லாதவர்கள் சராசரியாக 5 மாதம்தான் பிழைத்தார்கள் என்கிறது 1958-ல் வந்த ஒரு தொகுப்பு. 1970-களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அந்தோனி ஃபௌசியும் (ஆம், கொரோனா காலத்தில் டிவியில் பார்த்தவரேதான்) ஷெல்டன் வுல்ஃபும் சைக்ளோபாஸ்பமைடை ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். நோயின் தலையெழுத்தே மாறியது. அதே நிறுவனம் 1992-ல் 158 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டபோது 75 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியிருந்தது. அப்படி அடங்கியவர்களில் பாதிப் பேருக்கு மீண்டும் தலைதூக்கியது. ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கியதற்கு விலையாக மலட்டுத்தன்மையும் சிறுநீர்ப்பைப் புற்றும் வந்தன.

இன்று யாரும் அப்படிக் கொடுப்பதில்லை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் முதல் மூன்று டோஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏறும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் அளவு குறையும். மூன்று முதல் ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டு நோய் திரும்பாமல் தடுக்கும் அசாதயோபிரின் போன்ற மருந்துகளுக்கு மாற்றிவிடுவார்கள். டிரிப் ஏறும் நாளில் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வது, மருந்து உடைந்து வரும் அக்ரோலின் சிறுநீர்ப்பையில் தங்காமல் வெளியேறத்தான். பத்து, பதினான்கு நாள் கழித்து வெள்ளையணு எண்ணிக்கை பார்ப்பதைத் தவறவிடக் கூடாது.

ரிடுக்சிமாப்பின் வழி வேறு. ஆன்கா போன்ற ஆன்டிபாடிகள் உருவாக வழிசெய்யும் பி செல்கள் என்ற வெள்ளையணுக்களை அது காலிசெய்கிறது. 2010-ல் வெளியான ரேவ் ஆய்வில் 197 பேரைப் பிரித்து இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். ஆறாவது மாதத்தில் ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்கியிருந்தவர்கள் ரிடுக்சிமாப்பில் 64 சதவீதம், சைக்ளோபாஸ்பமைடில் 53. அதாவது புது மருந்து பழையதற்குக் குறைந்ததல்ல. உண்மையான இடைவெளி, நோய் ஏற்கெனவே அடங்கித் திரும்பி வந்தவர்களிடம் தெரிந்தது: ரிடுக்சிமாப்பில் 67 சதவீதம், சைக்ளோபாஸ்பமைடில் 42.

ஆனால் தொற்று? அதில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘புதுசு என்றால் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொன்று, கிரியாட்டினின் 4-க்கு மேல் போனவர்களையும், நுரையீரலில் ரத்தம் கசிந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதனால் சிறுநீரகம் வேகமாகச் சரிகிறவரிடம் சைக்ளோபாஸ்பமைடை, அல்லது இரண்டையும் சேர்த்து, கொடுக்கும் மருத்துவரைப் பழைய காலத்து ஆள் என்று சொல்ல முடியாது.

ரிடுக்சிமாப்புக்கும் அதற்கேயான கண்ணி உண்டு. ஹெபடைடிஸ் பி உடம்பில் பதுங்கியிருந்தால் அதை எழுப்பி ஈரலையே கெடுத்துவிடும். எனவே முதல் டிரிப்புக்கு முன் அந்தப் பரிசோதனை கட்டாயம், அதுவும் இரண்டு வகை: மேற்பரப்பு ஆன்டிஜெனும் கோர் ஆன்டிபாடியும். தடுப்பூசிகளையும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்; பி செல் இல்லாத உடம்பில் அவை சரியாகப் பிடிக்காது.

குழந்தை பெற நினைக்கும் வயதினர், நோய் திரும்பியவர்கள், முன்பே நிறைய சைக்ளோபாஸ்பமைடு ஏறியவர்கள் ஆகியோருக்கு ரிடுக்சிமாப்தான் என் தேர்வு. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. விலைதான் தடை என்பார்கள். சைக்ளோபாஸ்பமைடு மலிவு என்பது உண்மை. ஆனால் 2007-லேயே டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரிடுக்சிமாப்பை ஒத்த ‘ரெடிடக்ஸ்’ என்ற மருந்தை இந்தியாவில் கொண்டுவந்தது. அசல் மருந்தின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது இனி சரியல்ல.

எதில் தொடங்கினாலும் ஸ்டீராய்டு கூடவே வரும். எனக்கு ஆதங்கம், மருந்துப் பெயரில் காட்டும் அக்கறையைப் பலர் ஸ்டீராய்டு அளவில் காட்டுவதில்லை என்பதுதான். 704 பேரை வைத்து நடந்த பெக்சிவாஸ் ஆய்வு (2020), ஸ்டீராய்டை வேகமாகக் குறைத்தாலும் இறப்போ சிறுநீரக இழப்போ கூடவில்லை, கடுமையான தொற்றுகள் குறைந்தன என்று காட்டியது.

அடங்கிய நோயை அடங்கியே வைப்பதில் ரிடுக்சிமாப் இன்னும் தெளிவாக ஜெயிக்கிறது. சைக்ளோபாஸ்பமைடால் நோய் தணிந்த 115 பேரை வைத்து பிரான்சில் நடந்த மெயின்ரிட்சான் ஆய்வில், 28 மாதத்தில் நோய் பெரிதாகத் திரும்பியது அசாதயோபிரின் எடுத்தவர்களில் 29 சதவீதம், ஆறு மாதத்துக்கொருமுறை ரிடுக்சிமாப் போட்டவர்களில் 5 சதவீதம். ஆக, முதல் கட்டத்தில் சைக்ளோபாஸ்பமைடு எடுத்தவரும் இரண்டாம் கட்டத்தில் ரிடுக்சிமாப்புக்கு மாறலாம்.