ஒருவரிடம் உழைத்த பொருள்: செகண்ட் ஹேண்ட் கடைகளில் வாங்கிப் பழகிய அனுபவம்

பல ஆண்டுகளாகச் சட்டை, மேசை, பாத்திரம், புத்தகம் எனப் பலவற்றையும் பழைய பொருள் கடைகளில்தான் வாங்கிவருகிறேன். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் விலையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். விலை குறைவுதான், ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், தள்ளுபடிக் காலத்தில் புதிய பொருளை மலிவாக வாங்கிக்கொண்டு இந்தக் கடைகளை எப்போதோ விட்டிருப்பேன். அங்கே கிடைப்பது ஏற்கெனவே ஒருவரிடம் உழைத்துக் காட்டிய பொருள் என்பதே என்னைத் தொடர்ந்து இழுக்கிறது.

புதுச் சட்டை பத்துச் சலவைக்குப் பின் எப்படி இருக்கும் என்பதைக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. பழைய சட்டையோ சுருங்க வேண்டியது சுருங்கி, சாயம் போக வேண்டியது போய், பக்கத் தையல் முறுக்கிக்கொள்ளும் துணியென்றால் முறுக்கியும் காட்டிவிட்டுத்தான் தொங்குகிறது. பார்க்க வேண்டிய இடங்களைத் தெரிந்துகொண்டால் அதன் வரலாற்றைப் படித்துவிடலாம்: கழுத்துப்பட்டையின் மடிப்பு, கைமுனை, அக்குள், ஜீன்ஸ் என்றால் தொடையின் உட்புறம். இந்த இடங்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் நூல் மெலிந்து ஒளி ஊடுருவினால், மற்ற பகுதிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

அளவு எண்ணை நம்பக் கூடாது. பெண்களுக்கான ஆயத்த ஆடைகளில் ஒரே எண்ணுக்கான அளவு காலப்போக்கில் பெரிதாகிக்கொண்டே வந்திருப்பதால், முப்பது நாற்பது ஆண்டுகள் பழைய உடை அதே எண்ணுடைய இன்றைய உடையைவிடச் சிறியதாக இருக்கும். நமக்குச் சரியாகப் பொருந்தும் ஓர் உடையின் தோள், மார்பு, இடுப்பு அளவுகளைக் குறித்துக்கொண்டு அளவு நாடாவுடன் செல்வதே எனக்குத் தெரிந்த ஒரே வழி.

மரச்சாமான்களில்தான் இந்தக் கடைகளின் உண்மையான செல்வம் இருக்கிறது என்பது என் கருத்து. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆன மேசையில் ஒரு முறை ஈரம் ஏறினால் அது உப்பிப்போகும். திருகாணி கழன்ற துளையில் மீண்டும் திருகாணி நிற்காது. அதனால்தான் அத்தகைய மேசைகள் இரண்டாவது வீட்டைப் பார்ப்பது அரிது. முழு மரத்தில் செய்ததோ இழைத்து மெருகேற்றினால் புதியதாகிவிடுகிறது. நான் முதலில் இழுப்பறையைத்தான் வெளியே எடுத்துப் பார்ப்பேன். மூலைகள் பல்லும் பள்ளமுமாகக் கோக்கப்பட்டிருந்தால் செய்தவர் கணக்குப் பார்க்காமல் உழைத்திருக்கிறார் என்று பொருள். மேற்பரப்பில் ஓடும் மரவரி விளிம்பிலும் தொடர்ந்தால் அது ஒட்டுத்தாள் அன்று. சிறு துளைகளும் அவற்றின் கீழே புதிய மாவும் தெரிந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற சாமான்களுக்கும் பரவலாம்.

வார்ப்பிரும்பு வாணலியின் மேல்துரு ஒரு குறையே அல்ல. தேய்த்து நீக்கி, எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கினால் சரியாகிவிடும். விரிசல் இருந்தால்தான் விட்டுவிட வேண்டும். பீங்கான் கோப்பையை விரல்நகத்தால் தட்டினால் தெளிந்த ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கக்கூடும்.

இந்தக் கடைகளின் தொடக்கக் கதையில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு உண்டு. 1902இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மதபோதகர், வசதியான வீடுகளிலிருந்து பழைய துணிகளையும் சாமான்களையும் திரட்டி, வேலையற்ற ஏழைகளைக் கொண்டு அவற்றைச் செப்பனிட்டு விற்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே பழைய பொருள் கடைகளை நடத்தும் குட்வில் நிறுவனம். விற்பனையைப் போலவே செப்பனிடுவதும் அந்த ஏற்பாட்டின் உயிராக இருந்தது. இன்று பெரும்பாலான கடைகள் வந்த பொருளை வந்தபடியே அடுக்கிவைக்கின்றன. செப்பனிடும் வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது. பொத்தான் தைக்கவும் கிழிசலை மூடவும் ஜிப்பை மாற்றவும் தெரிந்தவருக்கு, மற்றவர்கள் ஒதுக்கிய பாதிச் சரக்கு திறந்துவிடுகிறது. நான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டதே இந்தக் கடைகளால்தான்.

வீட்டுக்கு வந்ததும் சில ஒழுங்குகள் தேவை. துவைக்கத்தக்க துணியை உடனே துவைத்து, துணி உலர்த்தும் இயந்திரத்தின் அதிக வெப்பத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாகும். வெப்பம் தாங்காத கம்பளி ஆடையை நெகிழிப் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைநிலைப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் துணி அரிக்கும் அந்துப்பூச்சி ஒழியும்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சிலவற்றை நான் தொடுவதில்லை. தலைக்கவசமும் குழந்தைகளுக்கான கார் இருக்கையும் ஒரு விபத்தைச் சந்தித்திருந்தால் அது வெளியே தெரியாது. பக்கவாட்டுச் சட்டம் இறங்கி ஏறும் பழைய குழந்தைத் தொட்டில்களின் விற்பனையைக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்ததால் அமெரிக்கா 2011இல் தடைசெய்தது. அந்நாட்டில் வீட்டுப் பயன்பாட்டு வண்ணப்பூச்சில் ஈயம் தடைசெய்யப்பட்டதே 1978இல்தான்; ஆகவே பழைய வண்ணம் உரியும் பொம்மைகளுக்கும் இடமில்லை. மெத்தை பற்றி விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. மலிவு என்பதாலேயே தேவையற்றதை அள்ளிக்கொள்ளும் ஆசை இங்கே புதுக்கடையைவிட அதிகம். பழையதை வாங்குவது சூழலுக்கு நல்லது என்ற எண்ணம் அந்த ஆசைக்கு நல்லதொரு சாக்காகவும் அமைந்துவிடுகிறது. அலமாரியில் கிடக்கும் சட்டை யாருடைய நீரையும் பருத்தியையும் மிச்சப்படுத்துவதில்லை. புதிதாக வாங்கவிருந்த ஒன்றை அது தவிர்த்தால்தான் கணக்கு நேராகும். நேரமும் நிறையச் செலவாகிறது. குறிப்பிட்ட நிறத்தில், குறிப்பிட்ட அளவில், இந்த வார இறுதிக்குள் ஒரு காற்சட்டை வேண்டும் என்பவருக்கு இக்கடைகளைப் பரிந்துரைக்க மாட்டேன். தேவையைப் பட்டியலாக எழுதிவைத்து, கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என மாதக்கணக்கில் காத்திருக்க இயன்றவருக்கு, அதிலும் மரச்சாமானும் வார்ப்பிரும்பும் தேடுபவருக்கு, தயங்காமல் பரிந்துரைப்பேன்.