டர்பனில் தோசைக் கடை போடுவோருக்கு: 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர்

பன்னி சௌ (குடைந்த பிரெட்டுக்குள் ஊற்றிய கறிக்குழம்பு) விற்கும் கடைக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பஞ்சமில்லை. காலை வியாபாரத்துக்கு இட்லி, தோசை வேண்டுமென்றால் கோயம்புத்தூர் டில்டிங் கிரைண்டரை (டிரம்மைச் சாய்த்து மாவைக் கொட்டும் வகை) தாராளமாக வாங்கலாம். இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் அப்படியே ஓடும். கன்வர்ட்டர் வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

உளுந்துதான் இதன் பலம். மூன்று மணி நேரம் ஊறியதைப் போட்டு, ஐஸ் தண்ணீரைக் கையளவாகத் தெளித்து அரைத்தால் அரை மணியில் பந்துபோல் எழும்பும். தொட்டால் சூடு தெரிந்தால் மாவு சீக்கிரம் புளிக்கும். ஜனவரிப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம், பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். அரிசியில் பேராசை ஆகாது. டிரம்மில் பாதிக்கு மேல் போட்டால் கல் திணறும், பெல்ட் வழுக்கி ரப்பர் கருகும் வாடை வரும்.

பலவீனம் நடுத்தண்டு. ஹோஸ் பிடித்துக் கழுவினால் தண்ணீர் இறங்கி பேரிங் துருப்பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெயின்ட் அடித்த உடம்பு வேண்டாம், உரிந்து மாவில் விழும். கடைக்கு நகராட்சி தரும் ஏற்புச் சான்றிதழ் கட்டாயம் (2018ஆம் ஆண்டு ஆர்638 உணவுக்கடைச் சுகாதார விதிகள்), சோதனைக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவது உரிந்த பெயின்ட்தான். முழு ஸ்டீல் மாடலே எடுங்கள். விலை கூடத்தான்.

மெஷினோடு இரண்டு பெல்ட், ஒரு ஸ்கிரேப்பர், ஒரு செட் பேரிங் சேர்த்தே வரவழையுங்கள். பெல்ட் அறுந்த சனிக்கிழமை காலையில் கப்பலை எதிர்பார்த்து உட்கார முடியாது.