தனி அட்டையா, வங்கி அட்டையா: டர்பன் பஸ்ஸுக்கு எது ஒத்துவரும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் புறநகரிலிருந்து டவுனுக்குப் போகும் மினிபஸ் டாக்ஸியில், பின் இருக்கைக்காரர் நீட்டும் காசு கைக்குக் கை மாறி முன்னால் போகும். சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். கருவி ஏதும் இல்லாமல் ஓடும் இந்த ஏற்பாட்டோடுதான் பஸ்ஸின் கட்டண அட்டை போட்டி போட வேண்டும்.

முதல் வழி, போக்குவரத்து நிறுவனமே வெளியிடும் தனி அட்டை. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் 2010இல் ஓடத் தொடங்கிய கௌட்ரெயின் ரயில் இப்படித்தான் ஆரம்பித்தது. வங்கி அட்டையைப் பிறகுதான் சேர்த்துக்கொண்டது. பணக்கணக்கு அட்டையின் சிப்பிலேயே இருந்தால், தட்டும் நொடியில் நெட்வொர்க் தேவையில்லை. லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டில் செல்போன் கோபுரம் படுத்துவிட்டாலும் பஸ் ஏறலாம். நம் நாட்டில் இது லேசான விஷயமா? ஆனால் அட்டை அச்சிடுவது, பணம் ஏற்றக் கடை பிடிப்பது, தொலைத்தவருக்கு மாற்று தருவது எல்லாம் நிறுவனத்தின் தலையில் விழும். மென்பொருள் கொடுத்த கம்பெனியிடம் குடுமி சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

வங்கித் தரத்தில் அமைந்த அட்டைதான் வேண்டும் என்று 2011இல் நாடு தழுவிய விதி வந்தது. கேப் டவுனின் மைசிட்டி பஸ்ஸில் வந்த 'மைகனெக்ட்' அட்டை அந்த வகை. ஆனால் அதையும் தனியே வாங்கிப் பணம் ஏற்றத்தான் வேண்டியிருந்தது. பெயருக்கு வங்கி அட்டை, புழக்கத்தில் தனி அட்டை!

பையில் இருக்கும் வங்கி அட்டையையே தட்டுவது இன்னொரு வழி. லண்டனில் 2003இல் ஆய்ஸ்டர் என்ற தனி அட்டை வந்தது. வங்கி அட்டை 2012இல் பஸ்ஸுக்கும், 2014இல் சுரங்க ரயிலுக்கும் வந்தது. நாள் முழுக்கத் தட்டியதைக் கூட்டி, உச்ச வரம்பு போட்டு, பிறகு பணம் எடுப்பார்கள். கணக்கில் காசில்லாதவர் போன முதல் பயணத்தின் நஷ்டம் யாருக்கு? ஒப்பந்தத்தில் இதை எழுதாவிட்டால் பின்னால் வழக்குதான்.

சிட்னியில் பழைய கட்டண முறையின் சிக்கல்களை எல்லாம் டீகார்டு என்ற புதிய அட்டைக்குள் திணிக்கப் பார்த்தார்கள். 2008இல் திட்டமே ரத்தானது. அடுத்து வந்த ஓபல் அட்டை 2012இல் ஒரே ஒரு படகுத் தடத்தில் தொடங்கியது.

டர்பனுக்கு என் ஓட்டு, தனி அட்டை, வங்கி அட்டை இரண்டையும் ஏற்கும் கருவிக்கு. முதலில் கட்டணத்தை எளிதாக்கி, ஒரே தடத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். கோயிலுக்குப் போகும் ஆயா, ரொட்டி வாங்கும் கடையிலேயே காசு கொடுத்து அட்டையில் ஏற்ற முடிய வேண்டும். அந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு கமிஷன் என்பதை டெண்டரின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வேன்.